கோப்பையில் கோடு இல்லை

என் அண்ணியைப் பற்றி நான் நாலு நல்ல வார்த்தை சொல்வேன் என்று எங்கள் வீட்டில் யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். "நாத்தனார் வாயிலேர்ந்து பாராட்டா? கல்லுல நார் உரிச்சுடலாம்" என்று என் அண்ணனே கேலி செய்வான். செய்யட்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், அதை நான் என்றைக்கும் மறைத்ததில்லை. மறைத்தது வேறொரு விஷயம். அதனால் மூன்று பேர் உயிர் போகப் பார்த்தது. அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன், அண்ணி, நான் மூவரும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம். அது ஒரு சின்ன விமானத் தளம். ஒற்றை ஓடுபாதை, ஒரு தகர ஷெட், ஓடுபாதையைப் பார்த்த மாதிரி பெரிய ஜன்னல் வைத்த ஓர் அறை, ஒற்றை இஞ்சின் விமானங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு பேர் உட்காரலாம். மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்குத் தபால் பை, மருந்துப் பெட்டி, அவசரக்காரர்கள் என்று கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில். ரோட்டில் போனால் ஒரு முழுப் பகல் ஆகும், விமானத்தில் நாற்பது நிமிஷம். அண்ணன் விமானி. ஜன்னல் அறையில் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து, யார் கிளம்பினார்கள், யார் இறங்கினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது என் வேலை. கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். இந்த வேலையை முதலாளியிடம் கேட்டு வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். அதனாலேயே அவள்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. சிரிக்காதீர்கள், அடுத்தவர் தயவில் இருந்து பார்த்தவர்களுக்கு அது புரியும்.

அண்ணிக்குப் பெட்ரோல் இலாகா. தளத்தில் எல்லோருக்கும் அவள் பெட்ரோலக்கா. அவளுடைய அப்பா பஸ் டிரைவர். பதினெட்டு வயதில் பஸ் டிப்போவில் டீசல் பம்பைப் பிடித்தவள், இருபத்து மூன்றில் இங்கே வந்து சேர்ந்தாள். வந்த முதல் வருஷமே, விமானத்தோடு வந்த தடிப் புத்தகத்தில் பெட்ரோல் பற்றிய அத்தியாயத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்திருக்கிறாள். இருபது வருஷமாக அவள் கை படாமல் ஒரு விமானமும் இங்கிருந்து கிளம்பியதில்லை.

முதல்முறை ஏறுகிறவர்கள் பயந்துபோய் நின்றால் அண்ணிதான் பேசி ஏற்றிவிடுவாள். "உங்க வீட்டு மாடியில தண்ணித் தொட்டி இருக்குல்ல சார்? அதேதான் இங்கேயும். ரெண்டு இறக்கைக்குள்ளயும் ஆளுக்கொரு தொட்டி. மேல இருக்கறதால பெட்ரோல் தானா கீழ இறங்கும். நடுவுல ஒரு திருகு. இடது, வலது, ரெண்டும், மூடு. எது வேணுமோ திருப்பிக்கலாம். அதுக்குக் கீழ ஒரு வடிகட்டிக் கிண்ணம். அதைத் தாண்டினா இஞ்சின். அவ்வளவுதான். இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?"

வித்தை இல்லைதான். ஆனால் அந்த மாடித் தொட்டிக்கும் நம் குழாய்க்கும் நடுவே எதெது கெட்டுப்போகும் என்று அவளிடம் கேட்டால் விடிய விடியச் சொல்வாள். விமானத்தில் பெட்ரோல் மீட்டர் இருக்கிறது. அதை அவள் நம்பவே மாட்டாள். இறக்கைமேல் ஏணி போட்டு ஏறி, மூடியைத் திறந்து, அளவுக்குச்சியை உள்ளே விட்டு எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. "மீட்டர் பொய் சொல்லும், குச்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பாள்.

அவர்கள் கல்யாணமே ஒரு பெட்ரோல் தகராறில்தான் ஆரம்பித்தது. அண்ணன் அப்போது வேலைக்குப் புதுசு. சட்டைப் பையில் கறுப்புக் கண்ணாடியும் நடையில் ஒரு மிதப்புமாகத் திரிவான். ஒரு நாள் அவன் ஏறி உட்கார்ந்த பிறகும் சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுக்கமாட்டேன் என்று இவள் நின்றுவிட்டாள். இறக்கைக்கு அடியில், தொட்டிக்குள் காற்று போவதற்காக விட்டிருக்கும் சின்னக் குழாயில் ஒரு குளவி மண்ணை அப்பிக் கூடு கட்டியிருந்தது. "ஒரு குளவிக்காக ஒரு விமானம் நிக்கணுமா?" என்று அண்ணன் எகிறியிருக்கிறான். "வீட்டுல எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்துப் பாருங்க. மேல காத்து போகலேன்னா கீழ எதுவும் இறங்காது. பாத்துட்டு வந்து பேசுங்க" என்றாளாம் இவள். அவன் வீம்புக்கு டின்னைக் கவிழ்த்துப் பார்த்தான். ரெண்டு தடவை குபுக், குபுக். அப்புறம் நின்றுவிட்டது. அடுத்த நாள் தலையைச் சொறிந்துகொண்டு போய் நின்றான். ஆறு மாதத்தில் கல்யாணம். "இது குளவி முடிச்சு வெச்ச கல்யாணம், அதான் கொட்டிக்கிட்டே இருக்கு" என்று அண்ணன் இன்றும் சொல்வான். அவள் காதில் விழாத தூரத்தில் மட்டும்.

இவ்வளவு சொன்னேன், முக்கியமானதை இன்னும் சொல்லவில்லை. பெட்ரோலுக்கு முதல் எதிரி தண்ணீர். மூடியின் ரப்பர் வளையம் பழசானால் மழை உள்ளே இறங்கும். தண்ணீர் கனம், அதனால் தொட்டியின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இஞ்சினுக்கு முதலில் போய்ச் சேருவதும் அந்த அடியில் இருப்பதுதான். அதனால் தினமும் காலையில் மூன்று இடத்தில் மாதிரி எடுப்பாள். இரண்டு இறக்கைக்கும் அடியில் ஒவ்வொரு சின்ன வால்வு, விமானத்தின் மூக்குக்கு அடியில் வடிகட்டிக் கிண்ணத்தில் ஒன்று. கண்ணாடி மாதிரி தெரிகிற ஒரு பிளாஸ்டிக் கோப்பையை வைத்து அழுத்தினால் கொஞ்சம் வடியும். விமானப் பெட்ரோலுக்கு மங்கலான நீலச் சாயம் போட்டிருப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் கோப்பையின் அடியில் நிறமில்லாமல் தனியாக நிற்கும், நடுவே ஒரு கோடு தெரியும். கோடு தெரிந்தால் மறுபடி மறுபடி வடித்து, கோடு போன பிறகுதான் விடுவாள்.

பார்த்து முடித்ததும் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு. அதுதான் அண்ணியின் முத்திரை. ஒருமுறை டேங்கர் லாரியில் வந்த சரக்கை மூக்கைச் சுளித்துவிட்டு, "இதுல மண்ணெண்ணெய் வாடை வருது, இறக்காதீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். டிரைவர் குதித்தான், முதலாளியே சந்தேகப்பட்டார். சோதித்துப் பார்த்தால் லாரியில் முந்தின சரக்கின் மிச்சம் இருந்தது. அதற்கப்புறம் சட்டப்படி விமானி தன் கையால் பார்க்க வேண்டிய மாதிரியைக்கூட எங்கள் தளத்தில் யாரும் தனியாக எடுப்பதில்லை என்று ஆகிவிட்டது. பெட்ரோலக்கா மோந்து பார்த்தால் போதும்.

அந்த மூக்குதான் போயிற்று. வருஷத்தின் தொடக்கத்தில் ஒரு காய்ச்சல். பத்து நாள் படுக்கை. எழுந்து வந்தபோது இளைத்திருந்தாள், மற்றபடி பழைய அண்ணிதான் என்று நினைத்தோம்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு நாள் சாயங்காலம் நான் மாடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன், வீடே கருகல் நாற்றம். ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்பில் பால் பொங்கி வற்றிப் பாத்திரம் கறுத்துப் புகைகிறது. நாலடி தள்ளி அண்ணி அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள். "அண்ணி! மூக்கை எங்கே அடகு வெச்சீங்க?" என்று கத்தினேன். திடுக்கிட்டுத் திரும்பினாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. "சளிடி. அடைச்சுக்கிட்டிருக்கு" என்றாள். சளியாவது ஒன்றாவது. ஒரு தும்மல் இல்லை.

நான் சும்மா விடுகிற ஆளா? மறுநாள் கெட்டுப்போன பாலை ஒரு டம்ளரில் ஊற்றி, "இது நல்லாருக்கான்னு பாருங்க அண்ணி" என்று நீட்டினேன். மூக்கருகே கொண்டுபோனாள், அதே பழைய இழுப்பு. "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். அதற்கடுத்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், எழுதுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எதிலும் தப்பு செய்யாத அண்ணி, எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த அண்ணி, அவளிடமும் ஒரு ஓட்டை இருக்கிறது, அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று சந்தோஷம். சீ, என்ன ஜென்மம் நான்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஒரு காலையில் குளியலறையில் அண்ணி சோப்பை முகத்தில் அழுத்திக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்துப் பார்ப்பதைக் கதவு இடுக்கில் பார்த்துவிட்டேன். எதுவும் வராமல் சோப்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள். அதற்குப் பிறகு கேட்கவும் மனம் வரவில்லை, சொல்லவும் மனம் வரவில்லை. முதலாளியிடம் சொன்னால் அவளை எடுத்துவிடுவார். பெட்ரோல் இல்லாத அண்ணியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அண்ணனிடம் சொன்னால் அவன் விமானத்தில் ஏறும்போதெல்லாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஏறுவான். கண் இருக்கிறதே, கண்ணால் பார்க்கிறாளே, போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாமே, அந்தக் கதைதான்.

அண்ணியும் கண்ணைத்தான் நம்பினாள். முன்பு இறக்கைக்கு அடியிலேயே, அந்த வெள்ளைப் பெயின்ட்டுக்கு எதிரே கோப்பையைப் பிடித்து ஒரு பார்வை, ஒரு இழுப்பு, முடிந்தது. இப்போதோ வெளியே வெளிச்சத்துக்கு வந்து, கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பி, ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் பார்ப்பாள். அப்புறம் வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோவாள், மற்றவர்கள் பார்ப்பதற்காக. ஜன்னல் வழியாக அதைப் பார்த்ததும் நான் என் நோட்டில் குனிந்துகொள்வேன். இப்படியே ஏழு மாதம் ஓடியது.

ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் முழுக்க மழை கொட்டியிருந்தது. ஷெட்டுக்குள் மற்ற விமானத்தின் இஞ்சினைக் கழற்றிப் பரப்பியிருந்ததால் அண்ணனுடைய விமானம் வெளியே நனைந்துகொண்டு நின்றது. காலையில் பார்த்தால் துடைத்து வைத்த மாதிரி வானம், ஒரு பொட்டு மேகம் இல்லை, அப்படி ஒரு நீலம். மாதத்துக்கு ஒருமுறை மலைக்கு அந்தப் பக்கம் போகிற பல் டாக்டரும் அவருடைய நர்ஸும் பெட்டியோடு வந்து காத்திருந்தார்கள்.

அண்ணி மூன்று மாதிரியும் எடுத்தாள். மூக்குக்கு அடியில் ஒன்று, இடது இறக்கை, வலது இறக்கை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு வந்து வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். வலது இறக்கையினுடையதை ரொம்ப நேரம் பார்த்தாள். நீலமாக இருந்தது. கோடு இல்லை. கட்டை விரலை உயர்த்தினாள்.

கோடு ஏன் இல்லை என்று இப்போது எங்களுக்குத் தெரியும். கோடு விழ வேண்டுமென்றால் கோப்பையில் இரண்டும் இருக்க வேண்டும். வலது மூடியின் ரப்பர் வளையம் வெடித்து, மழை நாள் முழுக்க உள்ளே இறங்கியிருந்தது. கோப்பையில் வந்தது அத்தனையும் தண்ணீர். வெறும் தண்ணீரைத் தூக்கி வானத்துக்கு எதிரே பிடித்தால் அது வானத்தின் நீலத்தைத்தானே காட்டும்? மூக்கு இருந்திருந்தால் ஒரு இழுப்பில் முடிந்திருக்கும். ஒரு தகர மூடிக்கு எதிரே பிடித்திருந்தாலும் தெரிந்திருக்கும். அவள் முன்னைவிடக் கவனமாக, வெளிச்சத்தைத் தேடிப் போய்ப் பார்த்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது சறுக்கல்கூட இல்லை, கண்ணை அகல விழித்துக்கொண்டே குழியில் கால் வைத்தது.

இஞ்சின் சமர்த்தாகக் கிளம்பியது. குழாயிலும் கிண்ணத்திலும் நிற்கிற நல்ல பெட்ரோல் சில நிமிஷம் ஓட்டும், தண்ணீர் அதற்குப் பின்னால்தான் வரும். அதுதான் இதில் உள்ள பயங்கரமே. விமானம் அசைந்து அசைந்து ஓடுபாதையின் கோடிக்குப் போயிற்று. மூன்று மாதிரியையும் கொட்டி வைத்திருந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு அண்ணி ஷெட்டுக்குப் போனாள். காலையில் வடித்ததைக் கீழே கொட்டமாட்டாள். ஜன்னல் ஓரத்தில் இருக்கும் கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைத்து, இஞ்சின் சாமான்களைக் கழுவ வைத்துக்கொள்வாள். அன்றைக்கும் ஊற்றினாள். கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் ஜாடியின் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு நிறமில்லாமல் ஏதோ நிற்கிறது. அதன்மேல் நீலம். நடுவே கோடு.

அண்ணி ஓடி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு ஷெட்டிலிருந்து என் அறைக்கு ஓடி வந்தாள். ஒரு கால் செருப்பு வழியிலேயே போய்விட்டது. ஜாடியை என் மேஜைமேல் வைத்தாள். ரேடியோவில் அண்ணன் குரல் கேட்கிறது, "கோடிக்கு வந்தாச்சு. கிளம்பறேன்."

நான் பொத்தானை அழுத்துவதற்குள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கிளம்பாதீங்க! கிளம்பாதீங்க!"

"என்ன ஆச்சு?"

"டேங்க்ல தண்ணி இருக்கு."

"நல்லா பாத்தியே?"

அந்த ரேடியோவை முதலாளி தன் அறையில் கேட்டுக்கொண்டிருப்பார். விமானத்துக்குள் ஸ்பீக்கரில் பல் டாக்டருக்கும் நர்ஸுக்கும் கேட்கும். ஷெட்டில் மெக்கானிக் ஒருவன் ரேடியோவைப் பாட்டுப் பெட்டி மாதிரி போட்டு வைத்திருப்பான். இது அண்ணிக்குத் தெரியும். ஏதாவது சொல்லி ஒப்பேற்றியிருக்கலாம். கை தவறிவிட்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

"பாத்தேன். மோந்து பாக்க முடியல" என்றாள். "எனக்கு வாசனை தெரியாது. காய்ச்சல் வந்ததுலேர்ந்து தெரியாது. ஏழு மாசமா சும்மா மோந்து பாக்கற மாதிரி நடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"தெரியும்" என்றான் அண்ணன். "திரும்பி வர்றேன்."

அண்ணியின் கையிலிருந்து மைக் நழுவி மேஜைமேல் விழுந்தது. நாங்கள் இருவரும் ஜன்னலில் நின்றோம். விமானம் திரும்பி ஓடுபாதையிலேயே எங்களைப் பார்க்க ஊர்ந்து வந்தது. பாதித் தூரம் வந்திருக்கும். இஞ்சின் ஒருமுறை செருமியது, இன்னொருமுறை செருமியது, நின்றுவிட்டது. முன்னால் சுற்றிக்கொண்டிருந்த விசிறி ஒற்றைக் கட்டையாக நின்றது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கிளம்பியிருந்தால் அந்த நேரத்துக்கு அவர்கள் ஓடுபாதையைத் தாண்டி, அந்தப் பக்கத்து மின்கம்பிகளுக்கு மேலே இருந்திருப்பார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

விமானத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, வலது இறக்கையை வடித்தார்கள். முதலாளி பக்கத்தில் நின்றார். அண்ணி இறக்கையின் வெள்ளைக்கு எதிரே கோப்பையைப் பிடித்தாள். பதினாலு கோப்பை வெறும் தண்ணீர். பதினைந்தாவதில்தான் கோடு விழுந்தது. பல் டாக்டர் தன் பெட்டியின்மேலேயே உட்கார்ந்திருந்தார். நர்ஸ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "உங்களாலதான்மா தப்பிச்சோம்" என்று அவர் எழுந்து வந்து அண்ணிக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயோ, என்னைக் கும்பிடாதீங்க சார்" என்று அண்ணி இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ரேடியோவுல தெரியும்னியே, எப்போலேர்ந்து தெரியும்?" என்று அண்ணனைக் கேட்டார்.

"ரொம்ப நாளா சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க மூணு பேரும் ஒரே வீடு. வீட்டு விஷயத்தை வீட்டோட வெச்சுக்கிட்டீங்க. ஏறினது ஊரான் வீட்டுப் புள்ளைங்க" என்றார். "நாளைக்குப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

ஷெட்டுக்குள் நாங்கள் மூவர் மட்டும். அண்ணி ஒரு காலில் செருப்போடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைத் தேடி எடுத்து வந்து அவள் காலடியில் வைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சும் எப்படி ஏறினீங்க? தினமும் எப்படி ஏறினீங்க?"

"யார் கண்ணுலயும் படாம நானே ஒரு தடவை வடிச்சுப் பாத்துட்டுத்தான் ஏறுவேன்" என்றான். "உன்கிட்ட சொன்னா நீ உடைஞ்சு போயிடுவியோன்னு பயம். நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

"அப்போ ஏழு மாசமா நான் பாத்தது எதுவும் கணக்குல இல்ல. சும்மா பொம்மை மாதிரி நின்னுருக்கேன்."

அவன் ஓரடி கிட்டே வந்தான்.

"இன்னிக்குப் பாத்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

அண்ணன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இன்னிக்கு நீ அந்தக் கோப்பையை அவ்வளவு நேரம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னே பாரு. கை நடுங்குது, ஆனாலும் விடாம பாத்துக்கிட்டே நிக்கறே. இவ்வளவு அக்கறையா பாக்கறவளை நாம முதுகுக்குப் பின்னால சந்தேகப்படறோமேன்னு எனக்கே கேவலமா இருந்தது. வேண்டாம்னு விட்டுட்டேன்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தான். தட்டிவிடவில்லை, சாயவும் இல்லை.

அழுது முடித்ததும் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு, வலது மூடிக்குப் புது வளையம் போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து கோளாறுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். விமானத்தில் எந்தக் கோளாறைக் கண்டாலும் கண்டவர் அதில் எழுத வேண்டும். என்ன கோளாறு, முதலில் கண்டவர் யார், எந்தத் தேதி, அதற்குச் செய்த வேலை என்ன, செய்தவர் கையெழுத்து, அதைச் சரிபார்த்த இன்னொருவர் கையெழுத்து. கண்டும் எழுதாமல் விட்டால் அதைப்போல் குற்றம் எங்கள் தொழிலில் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எனக்குச் சொன்ன முதல் விதி அது.

முதல் வரியில், 'வலது தொட்டி மூடி ரப்பர் வளையம் வெடிப்பு' என்று எழுதினாள். செய்த வேலை, 'வளையம் மாற்றப்பட்டது.' கையெழுத்துப் போட்டாள். அடுத்த வரியில், 'பெட்ரோல் பார்ப்பவருக்கு வாசனை தெரியாது' என்று எழுதினாள். முதலில் கண்டவர் என்ற இடத்தில் தன்னை எழுதி, வருஷத் தொடக்கத்தில் காய்ச்சல் விட்ட தேதியைப் போட்டாள். பிறகு புத்தகத்தை அண்ணன் பக்கம் தள்ளினாள்.

"நீங்களும் எழுதுங்க. என்னிக்குக் கண்டீங்களோ அந்தத் தேதி."

அவன் எழுதினான். புத்தகம் என் பக்கம் வந்தது.

"உனக்கும் தெரியும்தானே?" என்றாள் அண்ணி. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

பால் கருகிய மறுநாள் தேதியை எழுதினேன். அண்ணன் எழுதியதற்கு அது பதினெட்டு நாள் முந்தி. அண்ணி அந்த இரண்டு தேதியையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். "உனக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கு" என்றாள்.

"அண்ணி, நீங்க இன்னிக்கு மைக்கைப் பிடிக்கலேன்னா..."

"நான் நடிக்கலேன்னா மைக்கே தேவைப்பட்டிருக்காதுடி."

பேனாவை வாங்கிக்கொண்டாள். செய்த வேலை என்ற கட்டத்தில், 'ஆள் மாற்றப்பட்டது' என்று எழுதினாள். அண்ணன், "முதலாளி ஒண்ணும் சொல்லலையே, அதுக்குள்ள நீயா ஏன்..." என்று கையைப் பிடிக்கப் போனான். அவள் நிறுத்தவில்லை. கீழே தன் கையெழுத்தைப் போட்டாள், இருபது வருஷமாகப் போட்ட அதே நெளிவோடு. சரிபார்த்தவர் என்ற கட்டம் காலியாக இருந்தது. புத்தகத்தை மறுபடி என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"என்னால முடியாது அண்ணி. நான் போடமாட்டேன்."

"கண்டதை எழுதாம இருந்தது போதும்" என்றாள். "போடு."

போட்டேன்.